எல்லைக்கல்லும் துப்பாக்கியும்: செங்கற்பட்டுச் சீமையில் நிலக்காரரும் வேட்டைக்காரரும்

வெளியூரிலிருந்து துப்பாக்கியோடு வருபவருக்கும் உள்ளூர் நிலக்காரருக்கும் மூளும் சண்டை மேலோட்டமாகப் பார்த்தால் எல்லைச் சண்டைதான். வரப்பு யாருடையது, ஏரிப் புறம்போக்கு எங்கே முடிகிறது, சுட்ட பறவை எந்தக் கழனியில் விழுந்தது என்றுதான் பேச்சு தொடங்கும். ஆனால் செங்கற்பட்டுச் சீமையில் எல்லைக்கல் நட்டது வரி வாங்குவதற்காக. ஒரு கழனிக்கு யார் தீர்வை கட்ட வேண்டும் என்பதை அந்தக் கல் சொல்லும். அந்தக் கழனிக்குள் யார் கால் வைக்கக்கூடாது என்பதை அது தெளிவாகச் சொன்னதே இல்லை. வேட்டைக்காரரை இந்தச் சீமை மக்கள் தடுத்து நிறுத்திய இடங்களில் அவர்களுக்குக் கைகொடுத்தது சர்வே கல் அன்று. ஊர் முழுவதும் சேர்ந்து கேட்டு வாங்கிய ஒரு சீட்டு.

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரம் இந்தச் சண்டைக்கு வாகான நிலம். கொசஸ்தலையாறும் ஆரணியாறும் கடலைச் சேருமுன் தாழ்ந்த கழனிகளாகவும் ஏரிகளாகவும் உப்பங்கழிகளாகவும் பரந்து கிடக்கும் பூமி இது. தெற்கே எண்ணூர்க் கழிமுகம், வடக்கே பழவேற்காடு ஏரி, நடுவே நெல். சென்னைக் கோட்டையிலிருந்து ஒரு பகல் பயணத்தில் எட்டிவிடலாம். 1806இல் வெட்டப்பட்ட கொக்ரேன் கால்வாய், பிற்காலத்தில் பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் மாறி நீண்ட அதே கால்வாய், சென்னையை எண்ணூரோடு படகு வழியாக இணைத்தது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கூடூர் செல்லும் ரயில் பாதை மீஞ்சூர் வழியாகப் போட்டபின் சனிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்புவது எளிதாயிற்று. வலசைப் பறவைகள் வரும் மாதங்களில் துப்பாக்கிகளும் கூடவே வந்தன.

இந்த ஊர்களின் எல்லை எப்படி வகுக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும். 1763இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக விட்டுக்கொடுத்த பகுதியே பிற்காலச் செங்கற்பட்டு மாவட்டம். பொன்னேரியும் அதனுள் அடக்கம். 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் இந்த ஜாகீரின் ஊர்களை அளந்தார். ஊர்க் கணக்கர்களின் ஓலைச் சுவடிகளில் எவ்வளவு நன்செய், எவ்வளவு புன்செய், எத்தனை ஏரி, எத்தனை தோப்பு, எந்தத் தொழிலுக்கு எவ்வளவு மானியம் என்று எல்லாம் இருந்தன. காணியாட்சி அல்லது மிராசு என்ற பங்குரிமை இருந்த ஊர்கள் இவை. நன்செய் பங்குகாரருக்கு உரியது. ஏரி, மேய்க்கால், களம், சுடுகாடு ஆகியவை ஊர்ப் பொது. தனியார் நிலத்துக்கும் பொது நிலத்துக்கும் இடையே வேலி கிடையாது. முழங்கால் உயர வரப்புதான் உண்டு. அதுவும் நடக்கும் வழி. நீர்க்கட்டி, தலையாரி, மாடு மேய்ப்பவர், களையெடுக்கப் போகும் பெண்கள் என எல்லாரும் அடுத்தவர் வரப்பில்தான் நடந்தாக வேண்டும். வரப்பில் நடப்பவரை அத்துமீறியவர் என்று சொல்லும் வழக்கமே இங்கு வேர்விட்டதில்லை.

எல்லைத் தகராறு வந்தால் ஊர் யாரைக் கேட்டது என்பதும் கவனிக்கத்தக்கது. 1909இல் வெளியான எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பு, பறையர் சமூகத்துக் கிராமப் பணியாளரே எல்லையை நன்கறிந்தவர் என்றும், தகராறு முற்றும்போது தலையில் தண்ணீர்க் குடத்தை வைத்துக்கொண்டு அவர் நடந்து காட்டும் தடமே எல்லை என்று ஏற்கப்பட்டது என்றும் பதிவு செய்கிறது. நிலத்தில் ஒரு பங்குகூட எழுதித் தரப்படாத ஒருவரின் நினைவில்தான் நிலத்தின் விளிம்பு இருந்தது. நிலவுடைமையின் வரலாற்றில் இதைவிடக் கசப்பான முரண் அரிது. பிறகு சங்கிலி பிடித்த அளவை வந்தது. 1923ஆம் ஆண்டின் சென்னை நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம் நட்ட கல்லைப் பேணுவதை நிலக்காரரின் கடமையாக்கியது. புலப்படம், அ பதிவேடு, பட்டா, அடங்கல் என்று தாள்கள் பெருகின. ஆனால் சென்னையிலிருந்து வந்த வேட்டைக்காரர் கையில் புலப்படம் இருந்திருக்க வாய்ப்பில்லை. அவர் பார்த்தது சேறும் கோரையும் பறவையும்.

அவர் தேடி வந்த பறவைகளில் முதன்மையானது உள்ளான். புறாவைவிடச் சிறியது, நீண்ட அலகைச் சேற்றில் நுழைத்துப் புழுவை எடுக்கும். புரட்டாசி ஐப்பசியில் வடக்கிலிருந்து வந்து மாசி வாக்கில் திரும்பும். சம்பா நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்துக் கதிர் முற்றும் காலமும் அதுவே. உள்ளான் மரத்தில் உட்காராது. திறந்த ஏரிநீரிலும் இராது. தண்ணீர் கட்டிய கழனிச் சேறுதான் அதன் இடம். ஆகவே உள்ளான் வேட்டை என்றாலே பயிருக்குள் இறங்குவதுதான். இதில் நல்ல வேட்டைக்காரர், கெட்ட வேட்டைக்காரர் என்ற பேதமில்லை. நாலைந்து ஆட்கள் வரிசையாகக் கழனிக்குள் நடந்து பறவையைக் கிளப்புவார்கள். அது தாழப் பறந்து இடமும் வலமும் வெட்டி ஓடும். துப்பாக்கிக்காரர் வரப்பில் நின்று தோள் உயரத்தில் சுடுவார். பொடி ரவை 200 மீட்டர் வரை போகும். அடுத்த கழனியில் குனிந்து களையெடுக்கும் பெண்கள் அந்தத் தொலைவுக்குள்தான் இருப்பார்கள்.

மிதிபடும் பயிர் கண்ணுக்குத் தெரியும் சேதம். அதைவிடப் பெரிய சேதம் வரப்பில் நடப்பது. மழைக்காலத்து வரப்பு ஊறிக் கிடக்கும். பூட்ஸ் கால் பதிந்த இடத்தில் மண் சரிந்து ஒரு கைப்பிடி அளவு வாய் விட்டால் போதும், மேல்கழனியில் தேக்கிய தண்ணீர் அன்றிரவே கீழ்க்கழனிக்கு இறங்கிவிடும். அதோடு சாணமும் தழையுரமும் போகும். மறுநாள் காலை மேல்கழனிக்காரர் கீழ்க்கழனிக்காரரைச் சந்தேகிப்பார். அதற்குள் வேட்டைக்காரர் சென்னை போய்ச் சேர்ந்திருப்பார். வெளியாள் விட்டுப்போன தடம் உள்ளூர்ப் பகையாக முளைப்பது இப்படித்தான்.

சட்டம் இதில் நிலக்காரருக்கு அதிகம் உதவவில்லை. 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் அத்துமீறலைக் குற்றமாக்கியது. ஆனால் வெறுமனே நுழைவது குற்றமில்லை. குற்றம் செய்யவோ, நிலத்தை அனுபவிப்பவரை மிரட்டவோ இழிவுபடுத்தவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்தால்தான் 441ஆம் பிரிவு பாயும். உள்ளான் சுடப் போனவருக்கு உள்ளான் மீதுதான் எண்ணம். நிலக்காரர் அங்கே இருப்பதையே அவர் கருதியிருக்க மாட்டார். அதே காலத்தில், 1871இல், கால்நடை அத்துமீறல் சட்டம் வந்தது. பயிரில் மேய்ந்த மாட்டைப் பிடித்துப் பவுண்டில் அடைத்து அபராதம் வாங்கலாம். அதே பயிரை மிதித்த மனிதரை அடைக்கப் பவுண்டு இல்லை. இந்த நிலை மாறாமல் இன்றும் நீள்கிறது: 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவும் எண்ணத்தைத்தான் கேட்கிறது, அபராதத்தின் உச்சவரம்பு மட்டும் 500 ரூபாயிலிருந்து 5,000 ஆக ஏறியிருக்கிறது.

துப்பாக்கி யாரிடம் இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். 1878இன் ஆயுதச் சட்டப்படி இந்தியர் துப்பாக்கி வைக்க உரிமம் வேண்டும். அதன் கீழ் வகுத்த விதிகள் ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தன. முதல் உலகப் போருக்குப் பிறகே இந்த இன பேதம் விதிகளிலிருந்து நீங்கியது. ஆக, நாற்பதாண்டுக் காலம் கழனிக்குள் வந்தவர் கையில் உரிமமற்ற துப்பாக்கி சட்டப்படி இருந்தது. கழனிக்குச் சொந்தக்காரரிடம் கவண்கல். மனு கொடுக்கப் போனாலும் சிக்கல்தான். மாவட்ட அதிகாரிகளில் பலர் தாமே வேட்டைப் பிரியர்கள். ஜமாபந்திக்கு முகாம் போடும் இடத்தை ஏரிக்கரையில் தேர்ந்தெடுப்பதில் நிர்வாக வசதி மட்டுமே காரணமாக இருந்தது என்று யாரும் நம்ப வேண்டியதில்லை. மனுவை வாங்குபவரும் துப்பாக்கியைத் துடைப்பவரும் ஒருவராகவே இருக்கக்கூடும்.

இந்தச் சட்டங்களுக்கெல்லாம் முன்பே ஓர் ஊர் வேட்டைக்காரரைத் தடுத்து வென்றது என்றால் அது எப்படி என்று விசாரிக்காமல் இருக்க முடியாது. அந்த ஊர் மதுராந்தகம் வட்டத்து வேடந்தாங்கல்.

சுமார் 30 எக்டேர் பரப்புள்ள சிறிய ஏரி அது. பாலாற்றுப் படுகையின் பெரிய ஏரிகளோடு ஒப்பிட்டால் குட்டை என்றே சொல்லலாம். ஏரிக்குள் தண்ணீரில் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன், நீர்க்காகம், பாம்புத்தாரா, வக்கா என்று பல இனங்கள் ஐப்பசி கார்த்திகையில் கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் பங்குனி சித்திரையில் கலையும். அவற்றின் எச்சம் தண்ணீரில் கரைந்து மதகு வழியாகக் கழனிக்குப் பாய்கிறது. அந்தத் தண்ணீர் பாயும் நிலத்துக்குத் தனியே உரம் அதிகம் வேண்டியதில்லை என்பது அவ்வூர் உழவர் தலைமுறை தலைமுறையாக அறிந்தது. இவ்விடத்தில் பறவைக்கும் நிலக்காரருக்கும் உள்ள உறவை வெறும் பரிவு என்று சொல்லி விட்டுவிட முடியாது. பறவையைச் சுட்டால் மண்ணின் உரம் குறையும். உரம் குறைந்தால் விளைச்சல் குறையும். விளைச்சல் குறைந்தாலும் தீர்வை குறையாது. ரெவின்யூ அதிகாரிக்குப் புரியக்கூடிய வாதம் இது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனியின் வெள்ளைச் சிப்பாய்கள் சிலர் ஏரியில் நாரைகளைச் சுட்டார்கள். ஊரார் திரண்டு கலெக்டரிடம் போனார்கள். அப்போது ஜாகீரின் கலெக்டர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை அப்பதவியில் இருந்தவர். மதுராந்தகம் ஏரிக் கரையைக் காத்த ராமர் கதையில் வரும் பிளேஸ் துரை இவரே. அங்குள்ள ராமர் கோயிலின் தாயார் சன்னதிக்குத் திருப்பணி செய்தவராக இன்றும் அவர் பெயர் வழங்குகிறது. மிராசு உரிமையை மதித்தவர், ஏரிகளைப் பழுது பார்த்தவர், வசூலில் கறாரானவர். ஊராரின் முறையீட்டை ஏற்று, ஏரியில் யாரும் சுடக்கூடாது என்று அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். வனத்துறை இதற்கு 1798ஆம் ஆண்டைக் குறிக்கிறது.

கவுல் என்பது அக்கால நிலவரி நிர்வாகத்தில் அன்றாடம் புழங்கிய சீட்டு. தரிசைத் திருத்தினால் இத்தனை ஆண்டு இவ்வளவு தீர்வை, குத்தகைக்கு இன்ன நிபந்தனை என்று அதிகாரி குடிகளுக்கு எழுதித் தரும் உறுதிமொழி அது. பிளேஸ் புதிதாக ஒரு காட்டுயிர்ச் சட்டத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கையில் இருந்த வரிக் கருவியைப் பறவைக்குப் பயன்படுத்தினார். அந்தச் சீட்டின் வலிமை மூன்று விஷயங்களில் இருந்தது. அது தனி மிராசுதாருக்கு அளிக்கப்படாமல் ஊருக்கு அளிக்கப்பட்டது. ஆகவே ஒருவரை விலைக்கு வாங்கி உடைக்க முடியாது. அது பட்டா நிலத்தைப் பற்றியது அன்று, ஊர்ப் பொதுவான ஏரியைப் பற்றியது. தன் சொத்து இல்லாத இடத்தில் வெளியாளைத் தடுக்கும் உரிமை அதனால் ஊருக்குக் கிடைத்தது. மூன்றாவதாக, வேட்டைக்காரரின் எண்ணத்தை அது விசாரிக்கவில்லை. சுட்டால் மீறல், அவ்வளவுதான். அறுபதாண்டுகளுக்குப் பின் தண்டனைச் சட்டம் எழுதியவர்கள் எண்ணம், நோக்கம் என்று நுணுக்கமாகப் பின்னிய வலையில் சிக்காத வேட்டைக்காரர் இந்த ஒற்றைச் சீட்டில் சிக்கினார்.

ஆட்சி கம்பெனியிடமிருந்து அரசிக்கு மாறிய 1858இல் இந்த உரிமை கலெக்டரால் புதுப்பிக்கப்பட்டது. ஊரார் சீட்டை மறக்கவில்லை என்பதற்கு அதுவே சான்று. 1936இல் மாவட்ட நிர்வாகம் ஏரியைச் சரணாலயமாக ஏற்றது. இயற்கையியலாளர் மா. கிருஷ்ணன் இதைப் பற்றித் தொடர்ந்து எழுதி, ஊராரின் பங்கை வெளியுலகம் அறியச் செய்தார். நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்திலும் சிவகங்கைச் சீமையின் வேட்டங்குடியை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியிலும் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் உண்டு. அங்கெல்லாம் ஊர்க்கட்டுப்பாடு இதே வேலையைச் செய்கிறது. ஆனால் அரசின் கையெழுத்தோடு ஊர் பெற்ற தடைச்சீட்டு என்ற வகையில் வேடந்தாங்கலுக்கு இணையாகச் சொல்லத்தக்கது வேறில்லை.

முறையீட்டைக் காதில் வாங்காத அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு எகிப்து சான்று. 1906 ஜூன் 13 அன்று நைல் கழிமுகத்துத் தின்ஷவாய் கிராமத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் சிலர் புறா சுட இறங்கினார்கள். அவை காட்டுப் புறாக்கள் அல்ல. ஊரார் கூண்டு கட்டி வளர்த்தவை. அவர்களது இறைச்சியும் உரமும் வருமானமும் அவைதாம். கைகலப்பு மூண்டது, உள்ளூர்ப் பெண் ஒருத்தி குண்டடிபட்டாள், களத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்து ஓடிய அதிகாரி ஒருவர் வெயிலின் கொடுமையில் விழுந்து இறந்தார். அவருக்கு உதவ வந்த குடியானவர் ஒருவரைப் பின்னால் வந்த சிப்பாய்கள் கொலைகாரர் என்று எண்ணி அடித்தே கொன்றார்கள். 52 பேர் மீது சிறப்பு நீதிமன்றம் வழக்கு நடத்தியது. நால்வர் அதே ஊரில் தூக்கிலிடப்பட்டார்கள். வேறு சிலருக்குச் சிறையும் கசையடியும். பெர்னார்டு ஷா தமது நாடகம் ஒன்றின் முன்னுரையில் இந்தத் தீர்ப்பைக் கிழித்தெறிந்தார். எகிப்தை ஆட்டிவைத்த குரோமர் பிரபு 1907இல் பதவி விலகினார்; சிறையில் இருந்தவர்கள் 1908இல் விடுவிக்கப்பட்டார்கள். புறா யாருடையது என்று வேட்டைக்குமுன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம்.

சுட்ட விலங்கு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கு நாடுகள் அளித்த விடைகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டவை. பழைய ரோமானியச் சட்டத்தில் காட்டு விலங்கு பிடித்தவருக்கே. நிலக்காரர் அவரை உள்ளே விடாமல் தடுக்கலாம், ஆனால் உள்ளே வந்து பிடித்துவிட்டால் விலங்கைக் கேட்க முடியாது. இங்கிலாந்து இதைத் திருப்பிப் போட்டது. 1865இல் பிளேட்ஸ் எதிர் ஹிக்ஸ் வழக்கில் பிரபுக்கள் சபை, அத்துமீறியவர் கொன்ற முயல்கள் நிலக்காரருடையவை என்று தீர்த்தது. பிரான்சு இன்னொரு வழியில் போனது. 1964இன் வெர்தேய் சட்டம், பல பகுதிகளில் சிறு நிலக்காரர்கள் தம் நிலத்தை உள்ளூர் வேட்டைச் சங்கத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்றது. வேட்டையையே வெறுத்த நிலக்காரர்கள் வழக்காடினார்கள். 1999இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

அமெரிக்காவில் இந்தத் தகராறு வடிவியல் கணக்காகவே மாறிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் கம்பெனிகளுக்கு ஒரு சதுர மைல் விட்டு ஒரு சதுர மைல் என்று நிலம் கொடுத்ததால் மேற்கு மாநிலங்கள் பலவற்றில் தனியார் கட்டமும் அரசுக் கட்டமும் சதுரங்கப் பலகைபோல் மாறிமாறி வருகின்றன. இரண்டு அரசுக் கட்டங்கள் ஒரே ஒரு மூலைப் புள்ளியில் மட்டும் தொட்டுக்கொள்ளும். 2021இல் வயோமிங் மாநிலத்து எல்க் மலைப் பகுதியில் மிசூரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள் அந்த மூலையில் ஏணி ஒன்றை நிறுத்தி, தனியார் மண்ணில் கால் படாமல் அந்தப்பக்கம் இறங்கினார்கள். 20,000 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த பண்ணை உரிமையாளர், தம் நிலத்தின் மேலுள்ள காற்றுவெளியில் அவர்கள் அத்துமீறியதாக வழக்குத் தொடுத்துப் பல மில்லியன் டாலர் இழப்பீடு கேட்டார். குற்ற வழக்கில் 2022இல் நடுவர்கள் வேட்டைக்காரர்களை விடுவித்தார்கள். உரிமையியல் வழக்கில் 2025 மார்ச்சில் கூட்டரசு மேல்முறையீட்டு நீதிமன்றமும், பொது நிலத்தை வேலியிட்டு மறிப்பதைத் தடுக்கும் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி, அவர்களுக்குச் சாதகமாகவே சொன்னது. ஏரிக்குப் போக அடுத்தவர் வரப்பில் நடந்தே தீரவேண்டிய செங்கற்பட்டுக் குடியானவருக்கு இந்த வழக்கின் சாரத்தை விளக்க அதிக நேரம் ஆகாது.

சுட்ட விலங்கு யாருக்கு என்ற கேள்விக்கு இந்தியா வேறொரு விடையைத் தேர்ந்தெடுத்தது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குத் தடைப் பருவங்களை வகுக்க அரசுக்கு அதிகாரம் தந்தது. ஆனால் தன் சொத்தைக் காக்க நேர்மையாகக் கொல்வதற்கு அது விலக்கு அளித்தது. 1972இன் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம் அந்த விலக்கைச் சுருக்கியது. 11ஆம் பிரிவின்படி தன் உயிரையோ பிறர் உயிரையோ காக்கக் கொல்வது குற்றமாகாது. பயிரைக் காக்க வேண்டுமானால் அதிகாரியின் அனுமதி வேண்டும். சட்டத்தை மீறிக் கொல்லப்பட்ட விலங்கு 39ஆம் பிரிவின்படி அரசின் சொத்து. 1972க்குப் பிறகும் சிறுவேட்டைக்கு உரிமம் வழங்கும் வழி சில காலம் இருந்தது. 1991 திருத்தம் அந்தக் கதவையும் அடைத்தது. இருவர் தகராறு மூவர் தகராறாயிற்று. கழனி நிலக்காரருடையது, கொக்கு அரசுடையது, துப்பாக்கி குற்றவாளியுடையது.

இந்த மாற்றத்தில் ஒரு நுட்பமான உறவு அறுந்தது. வேட்டைக்காரர் என்றாலே நிலக்காரருக்குப் பகை என்பதில்லை. திருவள்ளூர் வட்டாரத்தில் இருளர்கள் அறுவடைக்குப் பின் கழனி வரப்பைத் தோண்டி எலி பிடிப்பார்கள். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல்லும் அவர்களுக்கே. வரப்பைத் தோண்டுபவர்களே அதை மூடியும் விடுவார்கள் என்பதால் நிலக்காரர் அழைத்தே விடுவார். நரிக்குறவர்கள் ஊருக்கு வெளியே கூடாரமடித்து நரியையும் கவுதாரியையும் பிடித்தபோது வேர்க்கடலைக் கொல்லைக்காரர்கள் நிம்மதியடைந்தார்கள். இவர்களுக்கும் நிலக்காரருக்கும் எழுதாத உடன்பாடு ஒன்று இருந்தது: எந்தப் பருவத்தில் வரலாம், எதைத் தொடக்கூடாது, யாரிடம் சொல்லிவிட்டு இறங்க வேண்டும் என்று. 1972க்குப் பின் நரிக்குறவரின் பெரும்பாலான வேட்டை ஒரே நாளில் குற்றமாயிற்று. 2023இல்தான் அவர்கள் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். காரில் வந்து இரவில் விளக்கடித்து முயல் சுடுபவரையும் பிழைப்புக்காகக் கண்ணி வைத்தவரையும் சட்டம் ஒரே வரிசையில் நிறுத்தியது. இது சட்டத்தின் நியாயமான பக்கம் என்று ஒப்புக்கொள்வது கடினம்.

இன்றைய தமிழகத்தில் வெளியூர் வேட்டைக்காரர் திருட்டுத்தனமாக இரவில் வருகிறார். பழத்துக்குள் வெடிமருந்து வைத்த அவுட்டுக்காயைப் பன்றிக்கென்று போட்டுவிட்டுப் போனால் மறுநாள் அதைக் கடித்து வாய் சிதறுவது பெரும்பாலும் நிலக்காரரின் பசுமாடு. நிலக்காரரும் சும்மா இருப்பதில்லை. பன்றிக்குப் பயந்து வேலியில் திருட்டு மின்சாரம் விடுகிறார். அதில் மனிதர் சிக்கி இறந்தால் இறந்தவர் அத்துமீறியவர் என்ற வாதம் எடுபடாது. மின்சாரம் விட்டவர் மீது மரணம் விளைவித்த குற்றம் வரும். இங்கிலாந்து இதே வழியில் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தோட்டக்காரர்கள் கம்பியில் கால் பட்டால் வெடிக்கும் பொறித்துப்பாக்கியை மறைத்து வைத்தார்கள். ஓடிப்போன ஒரு பெண் மயிலைப் பிடிக்க இளைஞர் ஒருவர் டூலிப் மலர்த் தோட்டத்துச் சுவரேறிக் குதித்துக் குண்டடிபட்டார். எச்சரிக்கைப் பலகைகூட வைக்காத உரிமையாளரே பொறுப்பு என்று 1828இல் பேர்டு எதிர் ஹால்புரூக் வழக்கு தீர்ந்தது. அதற்கு முந்தின ஆண்டே நாடாளுமன்றம் அத்தகைய பொறிகளைத் தடைசெய்திருந்தது.

பன்றிப் பிரச்சினைக்குத் தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவு மறுபடியும் எல்லைக்கோட்டில்தான் வந்து நிற்கிறது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டுக்குள் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். சுடும் உரிமை நிலக்காரருக்கு வரவில்லை. பன்றிக்கோ மூன்றாவது கிலோமீட்டர் கல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

வேடந்தாங்கலிலும் கோடு பெரிதாகிவிட்டது. 1998இல் ஏரியோடு அதைச் சுற்றிய 5 கிலோமீட்டரும் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஊர் ஏரிக்கு ஊர் கேட்டு வாங்கிய தடை, ஊரின் பட்டா நிலங்களையும் பக்கத்து ஊர்களையும் தொழிற்சாலை மனைகளையும் உள்ளடக்கிய வட்டமாக வளர்ந்தது. 2020இல் இந்த வட்டத்தை அடுக்குகளாகப் பிரித்து வெளிவட்டத்தின் கட்டுப்பாட்டைத் தளர்த்த வனத்துறை முன்மொழிந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. முன்மொழிவு நடைமுறைக்கு வரவில்லை. 2022இல் ஏரி உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1798இல் ஊர் எதிர்த்தது சிப்பாயின் துப்பாக்கியை. 2020இல் எதிர்ப்புக்கு உள்ளானது கட்டுப்பாட்டைத் தளர்த்தும் கோப்பு.

மீஞ்சூருக்கு மிக அருகிலுள்ள சரணாலயம் பழவேற்காடு. ஆந்திரப் பகுதி 1976இலும் தமிழகப் பகுதி 1980இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. தமிழகப் பகுதியின் 153 சதுர கிலோமீட்டருக்குள் ஏரி மட்டும் இல்லை. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களின் வருவாய்க் கிராமங்களும் மீனவர் குப்பங்களும் இருக்கின்றன. காட்டுயிர்ச் சட்டப்படி, 18ஆம் பிரிவில் அறிவித்தபின் அங்குள்ளோரின் நில உரிமைகளைக் கலெக்டர் ஒவ்வொன்றாக விசாரித்துத் தீர்க்க வேண்டும்; அதன் பிறகே 26அ பிரிவின் இறுதி அறிவிப்பு. பழவேற்காட்டில் இந்த விசாரணை பல பத்தாண்டுகள் இழுத்தது. அதுவரை தன் கழனியில் வீடு கட்டவோ நிலத்தை விற்கவோ முயலும் நிலக்காரர் அனுமதி தேடி அலைய வேண்டும். உள்ளே நிலம் வைத்திருப்பவர் உள்ளே போக 27ஆம் பிரிவு இடம் தருகிறது; முன் அனுமதியின்றி ஆயுதத்தோடு போக 31ஆம் பிரிவு இடம் தரவில்லை. 34ஆம் பிரிவு சரணாலயத்தின் விளிம்பிலிருந்து 10 கிலோமீட்டர் வரை நீள்கிறது: அந்த வளையத்துக்குள் துப்பாக்கி உரிமம் வைத்திருப்பவர் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும், புதிய உரிமத்துக்குத் தலைமைக் காட்டுயிர்க் காப்பாளர் இசைய வேண்டும். திருப்பாலைவனம் பக்கத்து உழவர் ஒருவர் பன்றிக்காகவோ குரங்குக்காகவோ பயிர்ப் பாதுகாப்பு உரிமம் கேட்டுப் போனால், அவர் மனு தாசில்தார் அலுவலகத்தோடு நிற்காமல் வனத்துறைக்கும் போய் வர வேண்டும்.